பகலில் இல்லாத தியேட்டர்

காரிலேயே உட்கார்ந்து திறந்தவெளியில் சினிமா பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டரைப் புகைப்படம் எடுக்கப் போகிறவருக்கு முதலில் வரும் சிக்கல், எதை எடுப்பது என்பதுதான். பகலில் போனால் தியேட்டர் என்று சொல்லும்படி அங்கே ஒன்றும் இருக்காது. வேலி போட்ட பத்துப் பதினைந்து ஏக்கர் பொட்டல். அதில் ஒலிபெருக்கி மாட்ட வரிசை வரிசையாக ஊன்றிய இரும்புக் கம்பங்கள். நடுவில் கூரை தாழ்ந்த சின்னக் கட்டடம். ஓரத்தில் வெள்ளையடித்த பெரிய சுவர், அதன் காலடியில் களை. இரவில் போனால் கூட்டம், கார், படம் எல்லாம் இருக்கும். ஆனால் கேமராவுக்கு அகப்படாது. திரைக்குத் தகுந்தபடி வெளிச்சத்தை அளந்தால் கார்கள் கறுத்துவிடும். கார்களுக்குத் தகுந்தபடி அளந்தால் திரை வெளுத்துவிடும்.

அமெரிக்காவில் இந்தத் தியேட்டர்களைப் படமெடுத்தவர்கள் எல்லாருமே இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டவர்கள்தான். ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், அந்த வழியே அவர்களுடைய படமாகிவிட்டது. டிரைவ்-இன் என்றதும் இன்று இணையத்தில் வந்து குவிகிற படங்கள், அதாவது நீல வானம், ஆளரவமில்லாத சாலை, அழகான பழைய நியான் பலகை, இவை அந்த வழிகளில் ஒன்று மட்டுமே. அதை மட்டும் பார்த்துவிட்டு, அழிந்துபோனது என்ன என்று முடிவு கட்டினால் பாதிதான் கிடைக்கும். டிரைவ்-இன்னைப் படமெடுக்க முடியாமல் செய்தது எதுவோ அதுவேதான் அதைச் சாகடித்தது. இருட்டு இருந்தால்தான் அது தியேட்டர். மற்ற நேரத்தில் வெறும் நிலம்.

இதைத் தொடங்கிய ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் நியூ ஜெர்சிக்காரர். வாகனங்களுக்கான பொருள்கள் விற்கும் குடும்ப வியாபாரத்தில் இருந்தவர். வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, பானட்டின் மேல் ஒரு கோடாக் புரொஜெக்டரை வைத்து, எதிரே மரங்களில் திரையைக் கட்டி, திரைக்குப் பின்னால் ரேடியோவைப் பாடவிட்டுச் சோதித்துப் பார்த்தார். மழை பெய்தால் கண்ணாடி வழியே எப்படித் தெரியும் என்று பார்க்க, புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைக் காரின் மேல் திருப்பினாராம். படம் தெரிந்தது, ஒலியும் கேட்டது. இடித்தது ஒன்றுதான்: பின்வரிசைக் காரில் இருப்பவருக்கு முன்வரிசைக் காரின் கூரை மறைக்கும். முன் சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளை வைத்து ஏற்றி இறக்கி, காரின் மூக்கு எவ்வளவு தூக்கியிருந்தால் முன்னால் நிற்கும் காருக்கு மேலாகத் திரை தெரியும் என்று கணக்குப் போட்டார். காப்புரிமை கிடைத்தது அந்தக் கணக்குக்குத்தான். 1933 மே 16-ல் அது கைக்கு வந்தது. அடுத்த மாதம் 6-ம் தேதி கேம்டன் நகருக்குப் பக்கத்தில் உலகின் முதல் டிரைவ்-இன் திறந்தது. 400 கார் நிற்கலாம். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட்.

கவனிக்க வேண்டியது இதைத்தான். அவர் காப்புரிமை வாங்கியது திரைக்கு அல்ல, புரொஜெக்டருக்கும் அல்ல, மண் மேட்டுக்கு. திரையை மையமாக வைத்து அரைவட்டம் அரைவட்டமாக எழுப்பிய மேடுகள், ஒவ்வொரு மேட்டிலும் மூக்கைத் தூக்கியபடி நிற்கும் கார்கள், இடையிடையே வண்டி போய்வரத் தடம். டிரைவ்-இன்னின் கட்டடக்கலை என்று ஒன்று உண்டென்றால் அது தரையில் இருக்கிறது. தரைமட்டத்தில் நின்று எடுக்கும் கேமராவுக்கு அது லேசான மேடு பள்ளமாகத்தான் விழும்.

காப்புரிமைப் பணம் கேட்டு ஹாலிங்ஸ்ஹெட் தரப்பு போட்ட வழக்கு அவர்களுக்கே எதிராகத் திரும்பியது. மேடு கட்டி வரிசைப்படுத்துவதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று 1949-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. அதற்குப் பிறகு நிலம் வைத்திருந்தவர்களெல்லாம் தியேட்டர் முதலாளி ஆனார்கள். போர் முடிந்து பெட்ரோல் ரேஷன் போயிருந்தது, வீட்டுக்கு வீடு கார் வந்திருந்தது, கைக்குழந்தைகளோடு இளம் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபோயிருந்தன. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டாம், நல்ல உடை உடுத்த வேண்டாம், பிள்ளைகள் இரவு உடையோடு பின்சீட்டில் தூங்கிவிடலாம். 1958 வாக்கில் நாட்டில் 4,000-க்கும் மேல் டிரைவ்-இன்கள் இருந்தன. லாங் ஐலண்டின் கோப்பேக் ஊரில் 1957-ல் திறந்த ஒன்றில் 2,500 கார்கள் நிறுத்தலாம்.

தரையைப் போலவே திரைக் கோபுரமும் தேவையிலிருந்து உருவம் பெற்றது. மாலை வெயில் திரையில் விழுந்தால் ஆட்டம் தொடங்க இன்னும் தாமதமாகும் என்பதால் பெரும்பாலும் திரையைக் கிழக்கையோ வடக்கையோ பார்க்க வைத்தார்கள். சாலையில் போகிறவர் ஓசியில் படம் பார்க்கக் கூடாது, பார்த்துக்கொண்டே வண்டியை எங்காவது இடிக்கவும் கூடாது. ஆகவே திரையின் முதுகு சாலையைப் பார்த்திருந்தது. ஐம்பது அறுபது அடி உயரத்துக்கு ஒரு வெற்று முதுகு ஹைவே ஓரத்தில் நின்றால் வியாபாரி சும்மா விடுவாரா? தியேட்டர் பெயர் நியானில் ஏறியது. மாட்டைச் சுருக்குப் போடும் கௌபாய், குதிரைகள், பனைமரம், நட்சத்திரம் எல்லாம் ஏறின. சான் டியேகோவின் கேம்பஸ் டிரைவ்-இன் முதுகில், கோலைச் சுழற்றிக்கொண்டு அணிவகுத்துப் போகும் பெண்ணொருத்தி நியானில் நடந்தாள். தியேட்டர் போய்விட்டது, அந்த நியான் பெண்ணை மட்டும் கழற்றிப் பழுது பார்த்து அருகிலுள்ள ஷாப்பிங் சென்டரில் நிறுத்தியிருக்கிறார்கள்.

டிரைவ்-இன் செழித்திருந்த காலத்தில் அதைப் படமெடுத்தவர்கள் குறைவு. இருக்கிறதை யார் எடுப்பார்கள்? அந்தக் காலத்தில் எடுத்து, இன்றும் பேசப்படுகிற இரண்டு படங்களைச் சொல்லலாம்.

முதலாவது 1955-ல் டெட்ராய்ட்டில் ராபர்ட் ஃப்ராங்க் எடுத்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்து அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றியவர். கார் தயாரிக்கும் நகரத்தில், கார்களின் முதுகுகளுக்குப் பின்னால் நின்று தூரத்துத் திரையை எடுத்தார். வானம் முழுக்க இருட்டவில்லை, திரையில் படம் ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டையும் ஒரே படச்சுருள் தாங்கக்கூடிய நேரம் ஒரு நாளில் கால் மணியோ என்னவோதான். அந்தி தரும் அந்த இடைவெளிக்குள் அவர் வேலையை முடித்துக்கொண்டார்.

இரண்டாவது, அந்தியை நம்பாதவருடையது. ஓ. வின்ஸ்டன் லிங்குக்கு டிரைவ்-இன் மேல் தனியாக ஒரு பற்றும் கிடையாது. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே தன் நீராவி எஞ்சின்களை ஓரங்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவை போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அலைந்தவர். மேற்கு வர்ஜீனியாவின் யேகர் என்ற சிற்றூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டிரைவ்-இன் இருந்தது. 1956 ஆகஸ்ட் 2-ம் தேதி இரவு நாற்பதுக்கும் மேற்பட்ட ஃபிளாஷ் பல்புகளை ஒரே நொடியில் எரியவிட்டு எடுத்தார். வரிசையாகக் கார்கள், முன்னால் ஒரு திறந்த காரில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இளம் ஜோடி, திரையில் ஒரு ஜெட் விமானம், அதற்கப்பால் வெண்புகை கக்கிக்கொண்டு பாயும் சரக்கு ரயில். அந்தத் திறந்த கார் லிங்கின் சொந்தக் கார். ஜோடியும் அவர் உட்கார வைத்ததுதான். ஃபிளாஷ் வெளிச்சத்தில் ரயில் அப்படியே உறைந்தது, கார்கள் பளபளத்தன, திரையோ நினைத்தபடியே வெளுத்துப்போனது. விமானத்தை வேறொரு நெகட்டிவிலிருந்து எடுத்து பிரிண்ட் போடும்போது சேர்த்துக்கொண்டார்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றிரவு அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணுக்குக் காரும் ரயிலும் திரைப்படமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கண்ணால் முடிந்தது படச்சுருளால் முடியவில்லை, அந்தக் குறையை இருட்டறையில் சரிசெய்தார், அவ்வளவுதான். டிரைவ்-இன்னுக்குள் இருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லை.

பிறகு சரிவு. டி.வி. வந்தது, டிரைவ்-இன் போனது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். டி.வி. பரவிக்கொண்டிருந்த அதே 1950-களில்தான் டிரைவ்-இன் உச்சத்தில் இருந்தது. ஆகவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

நம்மூர் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்களுக்கு இந்தக் கஷ்டம் சொல்லாமலே விளங்கும்: இருட்டினால்தான் ஆட்டம். ஆனால் டென்ட் கொட்டகையைப் பிரித்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோகலாம். பதினைந்து ஏக்கர் மேட்டை எங்கே கொண்டுபோவது? நாளின் பெரும்பகுதி சும்மா கிடக்கும் நிலம். வட மாநிலங்களில் பனிக்காலம் முழுக்கவும் சும்மா கிடக்கும் நிலம். 1966-ல் சீரான நேரச் சட்டம் வந்து, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பது கிட்டத்தட்ட நாடு முழுவதும் நடைமுறையானது. விவசாயிகளையும் பள்ளிக்கூடங்களையும் பற்றி ஏகப்பட்ட விவாதம் நடந்த இந்தச் சட்டம், டிரைவ்-இன்காரரின் வயிற்றில் நேராக அடித்தது. ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல்தான் முதல் ஆட்டம். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டுவது அங்கே வழக்கம். இரண்டாவது முடிய நள்ளிரவு தாண்டி ஒரு மணி, ஒன்றரை ஆகிவிடும். மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய தகப்பன் வருவாரா? குடும்பம் வருவது குறையக் குறைய, மலிவான திகில் படங்கள் வந்தன, அப்புறம் சில இடங்களில் வயது வந்தோர் படங்கள். பெரிய ஸ்டூடியோக்கள் புதுப்படங்களை உள்ளரங்குத் தியேட்டர்களுக்கே கொடுத்தன.

இன்னொரு பக்கம் நிலத்தின் விலை. ஊருக்கு வெளியே மலிவாக வாங்கிய இடத்தை ஊர் வந்து சூழ்ந்துகொண்டது. சொத்து வரி ஏறியது. பாப்கார்னும் ஹாட் டாக்கும் விற்று வரும் காசில்தான் இவர்கள் பிழைப்பே ஓடியது, டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போய்விடும். பகலில் அதே இடத்தில் பழைய சாமான் சந்தை நடத்திச் சிலர் தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்கள், ஷாப்பிங் மால் கட்ட நிலம் கேட்டு வந்தவரிடம் விலை பேசினார்கள். மாநிலங்களை இணைக்க 1956-ல் தொடங்கிய இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைத் திட்டம் பழைய சாலைகளின் போக்குவரத்தை உறிஞ்சிக்கொண்டதால், டிரைவ்-இன் மட்டுமல்ல, மோட்டல் என்ற சாலையோர விடுதி, டைனர் என்ற சாலையோர உணவகம், பெட்ரோல் பங்க் எல்லாம் ஒன்றாக நொடித்தன. பேர்பெற்ற ரூட் 66 சாலையே 1985-ல் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்தது வீடியோ கேசட், அதற்கடுத்தது மல்டிபிளெக்ஸ். 2013 வாக்கில் ஸ்டூடியோக்கள் 35 மி.மீ. படச்சுருளை நிறுத்தத் தொடங்கியபோது, ஒரு திரைக்கு டிஜிட்டல் புரொஜெக்டர் போட 70,000 டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். கோடையில் மட்டும் ஓடும் தியேட்டருக்கு அது பெரிய தொகை. இன்று எஞ்சியிருப்பவை சுமார் 300. பென்சில்வேனியாவில் 1934-ல் திறந்த ஷாங்க்வைலர்ஸ் இன்னும் ஓடுகிறது, அது விதிவிலக்கு.

இந்தச் சரிவு நன்றாகத் தெரியத் தொடங்கிய 1970-களில்தான் ஜான் மார்கோலிஸ் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கட்டடக்கலை விமர்சகர், நியூயார்க்கில் அந்தத் துறையின் பத்திரிகையிலும் அமைப்பிலும் வேலை பார்த்தவர். மயாமியின் பகட்டான ஓட்டல்களைக் கட்டிய மாரிஸ் லாப்பிடஸுக்காக 1970-ல் அவர் ஏற்பாடு செய்த கண்காட்சியைப் பார்த்து, இதெல்லாம் ஒரு கலையா என்று சக விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் முகம் சுளிக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாரோ என்னவோ, அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகள் அலாஸ்காவும் ஹவாயும் போக மற்ற 48 மாநிலங்களிலும் சுற்றினார். மோட்டல், பெட்ரோல் பங்க், மினியேச்சர் கோல்ஃப், டைனர், டிரைவ்-இன், டைனோசர் சிலை, வாத்து உருவத்தில் கட்டிய கடை என்று எதையும் விடவில்லை.

அவர் வேலை செய்த விதம் தெரிந்தால்தான் அந்தப் படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரியும். 35 மி.மீ. கேனன் கேமரா, ஐம்பது மி.மீ. சாதாரண லென்ஸ், ஏ.எஸ்.ஏ. 25 ஸ்லைடு ஃபிலிம். ஏ.எஸ்.ஏ. என்பது ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பதன் அளவு. 25 என்றால் படு மந்தமான ஃபிலிம். நல்ல வெயிலில் லென்ஸின் துவாரத்தை எஃப் 8-ல் வைத்து நொடியில் நூற்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். நிறம் ஆழமாக, புள்ளி தெறிக்காமல், கூர்மையாக வரும். வெயில் போய்விட்டால் கையில் பிடித்து எடுக்கவே முடியாது. ஆகவே வெயில்தான் வேண்டும், அதுவும் காலை வெயில். மேகமில்லாத நீல வானம். சட்டகத்தில் ஆள் கூடாது, கார் கூடாது. கட்டடத்துக்கு நேர் எதிரே நின்று, அது சட்டகத்தை நிறைக்கும்படி ஒரே அடியில் எடுப்பார். நிழல், சாய்வுக் கோணம், சோக வானம் என்று எந்த வித்தையும் கிடையாது.

ஆகவே அவருடைய டிரைவ்-இன் படங்களில் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் திரையின் முதுகும் டிக்கெட் கூண்டும் பெயர்ப்பலகையும்தான். எரியாத நியான் குழாய்கள் பகல் வெளிச்சத்தில் வெறும் கண்ணாடிக் கோடுகளாகத் தெரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் பூசிய பெயின்ட் மட்டும் ஒளிர்கிறது. ஒரு மாலை அந்தப் பலகை எரிந்து, கார்கள் திரும்பி உள்ளே நுழைந்த காட்சி அதில் இல்லை. இதைக் குறையென்று சொல்லவில்லை. அவர் எடுத்தது தியேட்டரை அல்ல, தியேட்டர் சாலைக்குக் காட்டிய முகத்தை. அந்த முகத்தை அவரளவுக்கு ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவர் வேறு யாரும் இல்லை.

யாரும் இதைச் செய்யாததற்கு ஒரு காரணம் இருந்தது. அமெரிக்க அரசு தன் பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, படமெடுத்து வைக்கும் ஆவணத் திட்டத்தை 1933-ல்தான் தொடங்கியது. அதாவது முதல் டிரைவ்-இன் திறந்த அதே ஆண்டு. வேலையிழந்த கட்டடக்கலைஞர்களுக்கு வேலை கொடுக்க வந்த திட்டம் அது. அவர்கள் அளந்ததெல்லாம் பழைய மாளிகைகள், தேவாலயங்கள், தோட்ட வீடுகள். பெட்ரோல் பங்கெல்லாம் அந்தக் கணக்கில் வர வெகுகாலம் ஆயிற்று. 1972-ல் ராபர்ட் வென்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐஸனோர் என்ற கட்டடக்கலைஞர்கள் மூவரும் லாஸ் வேகஸின் விளம்பரப் பலகைகளைக் கட்டடக்கலைப் பாடமாக எடுத்து எழுதியபோதுதான் பல்கலைக்கழகங்கள் இந்தப் பக்கம் திரும்பின. சாலையோரக் கட்டடங்களை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, கட்டடமே விளம்பரமாக இருப்பது. லாங் ஐலண்டில் வாத்தும் முட்டையும் விற்க 1931-ல் ஒரு பண்ணைக்காரர் வாத்து உருவத்திலேயே கட்டிய கடை இதற்கு உதாரணம். இந்த வகைக்கு வாத்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மற்றொன்று, சாதாரணப் பெட்டியாகக் கட்டி முன்னால் பெரிய பலகையை நிறுத்துவது. டிரைவ்-இன் இரண்டாவது வகை என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது முழுசாகச் சரியாகப் படவில்லை. பலகை இருக்கிறது, சரி. அதற்குப் பின்னால் பெட்டி எங்கே? கூரை இல்லை, சுவர் இல்லை, வானம்தான் இருக்கிறது.

ஆளில்லாத படங்களில் இன்னொன்றும் விடுபட்டுப்போகிறது: அங்கே யாரை உள்ளே விட்டார்கள், யாரை விடவில்லை என்பது. தென் மாநிலங்களில் கறுப்பர்களை டிரைவ்-இன்னுக்குள் விடாத இடங்கள் உண்டு. விட்டாலும் தனி வாசல், தனிப் பகுதி என்று ஒதுக்கிய இடங்கள் உண்டு. எந்த மோட்டலில் அறை கிடைக்கும், எந்தப் பங்கில் கழிப்பறைக்குப் போகலாம் என்று கறுப்பினப் பயணிகளுக்குச் சொல்வதற்காகவே விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936-லிருந்து ஒரு கையேடு போட்டார். 1960-களின் நடுப்பகுதி வரை அது வெளிவந்தது. அழகான மோட்டல் பலகையின் படத்தைப் பார்க்கும்போது, அந்தக் கையேட்டில் அது இருந்ததா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. படம் அதற்குப் பதில் சொல்லாது.

அதே மோட்டல்கள் பல இன்றும் நிற்பதற்கு யார் காரணம் என்பதையும் படம் சொல்லாது. அமெரிக்க மோட்டல்களில் ஏறக்குறையப் பாதி இன்று இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கிறது. அதில் பெரும்பாலோர் குஜராத்திகள். நெடுஞ்சாலை மாறியதால் நொடித்துப்போய் மலிவாக வந்ததை வாங்கி, குடும்பமாக அங்கேயே தங்கி, தாங்களே துணி மாற்றி, கணக்கெழுதி ஓட்டினார்கள். கான்கிரீட்டில் கூம்புக் கூடாரங்கள் கட்டி அறையாக வாடகைக்கு விடும் விக்வாம் வில்லேஜ் மோட்டல்கள் மொத்தம் ஏழு இருந்தன, இன்று மூன்றுதான். கலிஃபோர்னியாவில் இருப்பதை 2003-ல் வாங்கிப் பழுது பார்த்து மீட்டெடுத்தது ஒரு குஜராத்திக் குடும்பம். பழமை ஏக்கத்தோடு அங்கே போய்ப் படமெடுக்கிறவர்கள் வரவேற்பறையில் இருப்பவரையும் ஒரு படம் எடுத்தால் நன்றாயிருக்கும்.

மார்கோலிஸ் அநேகமாக ஒரு முறை வந்து எடுத்துவிட்டுப் போகிறவர். திரும்பத் திரும்ப வந்தவர் வில்லியம் கிறிஸ்டன்பரி. அலபாமாவின் ஹேல் கவுன்டிதான் அவருடைய பூர்வீகம். வாஷிங்டனில் வேலை பார்த்துக்கொண்டு ஆண்டுதோறும் ஊருக்கு வந்து அதே கட்டடங்களை எடுத்தார். அவற்றில் ஒன்று சாலையோரக் கடை. ஒரு காலத்தில் அவருடைய உறவினர் நடத்தியது, பிறகு கைரேகை பார்க்கிறவர்கள் வாடகைக்கு இருந்தது. அவர்கள் போன பின் உள்ளங்கை வரைந்த பலகையை உடைந்த ஜன்னலில் யாரோ தலைகீழாகச் செருகியிருந்தார்கள். 1960-களின் தொடக்கத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டே வந்தார். தகரம் துருப்பிடிக்கிறது, மரம் வளர்ந்து முகப்பை மூடுகிறது, சுவர் சாய்கிறது. 1988-ல் எடுத்த படத்தில் கட்டடம் இல்லை, அது இருந்த இடம்தான் இருக்கிறது. அழிவு என்பது ஒரு நாளில் நடப்பதில்லை, தவணை முறையில் நடக்கிறது என்பதைத் தனிப்படம் எதனாலும் காட்ட முடியாது. டிரைவ்-இன்களுக்கு இப்படியொரு கிறிஸ்டன்பரி வாய்க்கவில்லை.

வாய்த்தவர் வேறு மாதிரி ஆள். ஹிரோஷி சுகிமோட்டோ 1970-களிலிருந்தே பழைய தியேட்டர்களுக்குள் பெரிய கேமராவை வைத்து, படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து, முடியும்போது மூடுகிறவர். இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 சட்டகங்கள்; அத்தனையும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து திரை வெறும் வெள்ளைச் செவ்வகமாகிவிடும். அந்த வெளிச்சத்தில்தான் அரங்கத்தின் பூவேலைகள் தெரியும். 1993-ல் இதே முறையோடு கலிஃபோர்னியாவின் டிரைவ்-இன்களுக்குப் போனார். உள்ளே திரைக்குச் சுவரும் மாடமும் சாட்சி. வெளியே என்ன இருக்கிறது? வானத்தில் விமானங்கள் போன தடம் கோடு கோடாக விழுந்திருக்கிறது. திரைக்கு அடியில் குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல் கம்பிகள் தெரிகின்றன. கார்களும் மனிதர்களும் எங்கோ கரைந்துவிட்டார்கள். லிங்க் வெறுத்த அந்த வெளுத்த திரையை, இவர் அதுதான் தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். இருட்டு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பதிவு செய்த டிரைவ்-இன் படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றே.

நம் பக்கமும் இந்த மோகம் வராமல் இல்லை. சென்னையில் காரிலேயே உட்கார்ந்து டிபன் சாப்பிட 1962-ல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், 2008-ல் மூடப்பட்டு, இன்று செம்மொழிப் பூங்காவாக இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் பிரார்த்தனா டிரைவ்-இன் தியேட்டர் இருந்தது. ஊர் வந்து சூழ்ந்த கதைதான் அங்கேயும். பிரார்த்தனாவில் படம் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இரவில் உள்ளேயிருந்து எடுத்த நல்ல படம் எத்தனை பேரிடம் இருக்கிறதோ.

2020-ல் கொரோனாவால் தியேட்டர்கள் மூடியபோது டிரைவ்-இன் கொஞ்ச காலம் உயிர்த்தெழுந்தது. வால்மார்ட் தன் கடைகளின் 160 பார்க்கிங் மைதானங்களில் திரை கட்டிப் படம் காட்டியது. முன்பு டிரைவ்-இன் நிலங்களைப் பெரிய கடைகள் வாங்கியிருந்ததை நினைத்தால் சிரிப்பு வரும். மேடு இல்லாத சமதரையில், முன்னால் நிற்கும் எஸ்.யூ.வி.க்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஹாலிங்ஸ்ஹெட்டின் கட்டை வைத்த கணக்கு விளங்கியிருக்கும்.

இன்று அழிந்த டிரைவ்-இன்களைத் தேடுகிறவர்கள் சாலையில் தேடுவதைவிட வானத்திலிருந்து பார்க்கிறார்கள். திரையை இடித்து, கம்பங்களைப் பிடுங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும், செயற்கைக்கோள் படத்திலும் பழைய விமானப் படங்களிலும் அந்த அரைவட்ட வரிகள் புல்லுக்கு அடியிலிருந்து தெரிகின்றன. காப்புரிமைக்குப் போட்ட கோட்டுச் சித்திரம் நிலத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. சாலையில் நின்ற கேமராக்களுக்கு வசப்படாத கட்டடக்கலை, நேர் மேலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் வந்துவிடுகிறது. டிரோன் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற 300-ஐயும் மேலிருந்து ஒரு முறை எடுத்து வைத்தால், மார்கோலிஸ் விட்ட பாதி நிரம்பும்.

அழிந்தவற்றைத் தேடும் வேலைக்கு அவருடைய படங்களைவிட, படங்களோடு அவர் குறித்து வைத்த விவரங்கள் உதவும். மார்கோலிஸ் 2016-ல் இறந்தார். அதற்கு முன்பே அமெரிக்க காங்கிரஸ் நூலகம் அவருடைய தொகுப்பை வாங்கியிருந்தது. 11,710 வண்ண ஸ்லைடுகளை இணையத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பிலும் தியேட்டரின் பெயர், எந்தப் பக்கத்துத் தோற்றம், சாலை தெரிந்தால் அதன் எண், ஊர், மாநிலம். எடுத்த ஆண்டும் கூடவே இருக்கிறது. அந்த ஊரையும் சாலையையும் வைத்துக்கொண்டு வரைபடத்தில் தேடினால், சில இடங்களில் கிடங்கு வந்திருக்கும், சில இடங்களில் வரிசை வீடுகள். சில இடங்களில் மேடுகள் இன்னும் இருக்கும்.